வில்லியம் கோலின் ஏடுகளில் ஓர் ஊரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியைக் கவுண்டி என்பார்கள். பழைய கவுண்டி வரலாறுகளில் பலவற்றை எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்ல. கிராமத்துத் தேவாலயங்களைக் கவனித்துக்கொண்டிருந்த குருவானவர்கள். நார்ஃபோக்குக்கு ஃபிரான்சிஸ் புளோம்ஃபீல்ட், எசெக்ஸுக்கு ஃபிலிப் மோரன்ட், டார்செட்டுக்கு ஜான் ஹட்சின்ஸ் என்று 18ஆம் நூற்றாண்டில் மட்டுமே பெரிய வரிசை உண்டு. இந்த வேலை அவர்களுக்கு வாய்த்ததில் வியப்பில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. லத்தீன் தெரியும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குச் செலுத்தப்பட்ட தசமபாகத்திலிருந்து வருமானம் வந்தது. குதிரையேறிப் பக்கத்து ஊருக்குப் போனால், அங்குள்ள குருவானவரும் தன் தேவாலயப் பெட்டியைத் திறந்து காட்டுவார்.

அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர், தன் கவுண்டியின் வரலாற்றை அச்சில் கொண்டுவராமலே போன வில்லியம் கோல். 1714இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் லிட்டில் அபிங்டனில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் படித்த நாளிலேயே கல்லறை வாசகங்களைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார். கேம்பிரிட்ஜில் படிப்பு, அப்புறம் பக்கிங்ஹாம்ஷயரின் பிளெட்ச்லியில் ரெக்டர், அதாவது ஊர்க் குருவானவர் வேலை, கடைசியில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே மில்டனில் வாசம். 1782இல் இறந்தபோது ஏறக்குறைய 100 கையெழுத்து ஏடுகளை விட்டுச் சென்றார். அவற்றை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தவர், தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். உயிரோடிருந்த பலரைப் பற்றி மனத்தில் பட்டதை அப்படியே எழுதிவைத்திருந்ததால், அந்த நிபந்தனைக்கு அவசியம் இருந்தது.

அந்த ஏடுகள் வேறு திசையில் போயிருக்கவும் கூடும். 1765 வாக்கில் கோலுக்கு பிரான்சில் போய்க் குடியேறும் எண்ணம் இருந்தது. அங்கே இறக்கும் அந்நியரின் சொத்து பிரெஞ்சு அரசருக்குப் போய்விடும் என்ற சட்டத்தை நண்பரான எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் எடுத்துச் சொன்னார். இத்தனை ஆண்டு சேர்த்த ஏடுகளும் போய்விடும் என்று தெரிந்ததும் கோல் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

இப்போது அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. முதன்முறையாக அவற்றைத் தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம்பிரிட்ஜ் பக்கம் குடியிருந்துகொண்டு தன் ஊர்த் தேவாலயத்தின் கதையை அறிய விரும்புபவராக இருக்கலாம். வரலாறு படிக்கும் மாணவராக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் வைக்க வேண்டியது இது. கோலின் ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை அவர் நேரில் கண்டாரா? வேறொரு ஏட்டிலிருந்து படியெடுத்தாரா? யாரோ சொல்லிக் கேட்டாரா? ஒரே பக்கத்தில் மூன்றும் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

முதலில் ஊர், அப்புறம்தான் கவுண்டி

“கேம்பிரிட்ஜ்ஷயர் வரலாறு” என்று தேடப் போகாதீர்கள், மூழ்கிவிடுவீர்கள். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பங்கு, அதாவது எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள் இருந்தது, எந்த ‘ஹண்ட்ரட்’ என்ற பழைய நிர்வாகப் பிரிவில் இருந்தது, எந்த மறைமாவட்டம், அதாவது எந்த பிஷப்பின் ஆளுகைப் பகுதி என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் பெரும்பகுதி ஈலி மறைமாவட்டம். ஊருக்குள் எத்தனை மேனர்கள் இருந்தன, அவற்றின் பெயர் என்ன என்றும் பாருங்கள். மேனர் என்பது ஒரு பிரபுவின் நிலமும் அதன் மேல் அவருக்கிருந்த உரிமைகளும் சேர்ந்தது. ஒரே ஊரில் மூன்று நான்கு மேனர்கள் இருப்பது சாதாரணம். கோல் பல இடங்களில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மேனரின் பெயரை மட்டும் எழுதிப் போவார்.

எல்லை விஷயத்திலும் கவனம் வேண்டும். இன்றைய கேம்பிரிட்ஜ்ஷயர் 1974இல் உருவானது. ஹண்டிங்டன்ஷயர் என்ற தனிக் கவுண்டியும், முன்பு நார்த்தாம்ப்டன்ஷயரோடு சேர்ந்திருந்த பீட்டர்பரோ பகுதியும் இப்போது அதற்குள் அடங்கும். கோலின் காலத்தில் அப்படி இல்லை. உங்கள் ஊர் அந்தப் பக்கம் என்றால் வேறு தலைப்பில் தேட வேண்டியிருக்கும்.

அச்சில் வந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

கையெழுத்து ஏட்டிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். 1899இல் தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் விக்டோரியா கவுண்டி வரலாறு வரிசையில் கேம்பிரிட்ஜ்ஷயரின் முதல் தொகுதி 1938இல் வந்தது. பிற்காலத் தொகுதிகள் ஊர் ஊராக எழுதப்பட்டவை. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் இவற்றைப் படிக்கலாம். உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, உடலை விட்டுவிட்டு அடிக்குறிப்புகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகம், அடிஷனல் மேனுஸ்கிரிப்ட் (நூலகத்தின் கையெழுத்து ஏட்டு வரிசை ஒன்றின் பெயர்), 58 என்று தொடங்கும் நான்கு இலக்க எண், பக்கத்தில் தாள் எண் என்று வந்தால் அது பெரும்பாலும் கோல்தான். எந்த ஏட்டில் எந்தத் தாளைத் திறக்க வேண்டும் என்று இன்னொருவர் ஏற்கெனவே உழைத்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நன்றியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அட்டவணை. ஜி. ஜே. கிரே என்பவர் கோலின் ஏடுகளுக்கு ஒரு பொருளடக்க அட்டவணை தொகுத்து 1912இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வாரியாகத் தேட இதைவிட நல்ல சாவி கிடையாது. ஏடுகளின் பிரதான வரிசை 5798 முதல் 5887 வரை. சில ஏடுகள் வேறு எண்களில் தள்ளி இருக்கின்றன. அட்டவணை கோலின் சொந்தத் தொகுதி எண்ணைச் சொல்கிறதா, நூலக எண்ணைச் சொல்கிறதா என்று முன்னுரையைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் கோலின் குரலையும் கொஞ்சம் பழகிக்கொண்டு போங்கள். வால்போலும் அவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் யேல் பல்கலைக்கழகப் பதிப்பின் முதல் இரண்டு தொகுதிகளாக 1937இல் குறிப்புகளோடு வந்தன. பிளெட்ச்லியில் இருந்தபோது 1765 முதல் 1767 வரை எழுதிய நாட்குறிப்பு 1931இல் அச்சானது. யாரை அவர் மதித்தார், யாரைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பது இவற்றில் தெளிவாகத் தெரியும். பின்னால் அது உங்களுக்குத் தேவைப்படும்.

நூலகத்தில்

பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகர் அட்டை இலவசம். பெயருக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் நூலகத்தின் ஆன்லைன் பட்டியலும் எண்மமாக்கிய ஏடுகளும் நெடுநாள் முடங்கின. சேவைகள் படிப்படியாகத்தான் திரும்பி வந்தன. அதனால் கிளம்புவதற்கு முன் ஏடு கிடைக்குமா, எத்தனை நாள் முன்னதாகக் கேட்டுவைக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

உள்ளே பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும். போன் கேமராவில் படம் எடுக்கலாமா என்பதை அந்தந்த ஏட்டுக்கு ஊழியர்களிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், ஏட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை முதல் படத்தில் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எது எந்த ஏடு என்று தெரியாது.

எண் என்றால் இங்கே பக்க எண் அல்ல, தாள் எண். ஒரு தாளுக்கு ஒரே எண். முன்புறம், பின்புறம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். கோல் போட்ட எண்ணும் பின்னால் நூலகத்தார் பென்சிலில் போட்ட எண்ணும் அருகருகே இருந்தால் நூலகத்தாரின் எண்ணையே எழுதுங்கள்.

கையெழுத்தும் சுருக்கங்களும்

18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து, அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகளின் செக்ரட்டரி எழுத்தைப் போல மிரட்டாது. எஸ் என்ற எழுத்து சொல்லின் நடுவில் நீளமாக எஃப் போலத் தெரியும். ஒய் எழுத்துக்கு மேல் சிறிய ஈ போட்டிருந்தால் அது ‘தி’ என்ற சொல். ‘யீ’ என்று படிக்கக் கூடாது. சொல்லின் கடைசி எழுத்துகள் மேலே ஏறி நின்றால் நடுவில் சில எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள்.

கல்லறை வாசகங்களில் லத்தீன் நிறைய வரும், ஆனால் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான். ஓபியிட் என்றால் இறந்தார். ஊக்ஸர் மனைவி, ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், ரெலிக்டா கைம்பெண். ஆர்மிஜர் என்றால் குலச்சின்னம், அதாவது குடும்ப அடையாளம் வரைந்த கேடயம் வைத்துக்கொள்ளும் தகுதி உடையவர். இந்த ஆறும் தெரிந்தாலே ஒரு குடும்பத்தை ஓரளவு கட்டியெழுப்பிவிடலாம்.

தேதிகள்: அவசரப்படாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. கல்லில் 1687 பிப்ரவரி 10 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1688 பிப்ரவரி. சில சமயம் 1687/8 என்று இரண்டையும் எழுதியிருப்பார்கள். அப்படியானால் சந்தேகமே இல்லை. ஒற்றை ஆண்டு மட்டும் இருந்து, மாதம் ஜனவரி, பிப்ரவரி அல்லது மார்ச் 24 வரை என்றால், நீங்களும் இரட்டை ஆண்டாகவே எழுதி வையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், தகப்பன் இறந்து ஓராண்டுக்கு மேல் கழித்துப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் உங்கள் குடும்ப மரத்தில் முளைத்துவிடும். 1752 செப்டம்பரில் நாட்காட்டியை மாற்றியபோது 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14 ஆனது. கோல் தன் 38ஆம் வயதிலேயே இந்த மாற்றத்தைக் கண்டவர்.

பழைய பத்திரங்களைப் படியெடுக்கும்போது ஆண்டுக்குப் பதில் அரசரின் ஆட்சியாண்டுதான் இருக்கும். எட்டாம் ஹென்றியின் 12ஆம் ஆண்டு என்றால் 1520 ஏப்ரல் 22 முதல் 1521 ஏப்ரல் 21 வரை, ஏனென்றால் அவர் ஆட்சி 1509 ஏப்ரல் 22இல் தொடங்கியது. இரண்டாம் சார்லஸ் விஷயத்தில் ஒரு சிக்கல். அவர் 1660இல்தான் அரியணைக்குத் திரும்பினார், ஆனால் தகப்பனார் கொல்லப்பட்ட 1649 ஜனவரி 30இலிருந்தே ஆட்சியாண்டைக் கணக்கிட்டார்கள். ஆகவே 1660இல் அவர் திரும்பிவந்த ஆண்டே 12ஆம் ஆண்டு. மைக்கல்மஸ் என்று வந்தால் செப்டம்பர் 29, லேடி டே என்றால் மார்ச் 25. குத்தகையும் வாடகையும் பெரும்பாலும் இந்த நாட்களைச் சுற்றியே நடக்கும்.

குலச்சின்னங்களைத் தள்ளிவிடாதீர்கள்

கோலின் பக்கங்களில் சிறு சிறு கேடயப் படங்கள் கிடக்கும். பலர் அழகுக்காகப் போட்டது என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கோலைப் போன்றவர்களுக்கு அவை சாட்சியங்கள். வாசகம் தேய்ந்துபோன கல்லில்கூடக் கேடயம் இருந்தால் யாருடைய கல்லறை என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கால வழக்கப்படி, வண்ணம் தீட்டாமல் எழுத்தால் நிறத்தைக் குறிப்பார்கள். ஓ என்றால் பொன், ஏ என்றால் வெள்ளி, ஜி சிவப்பு, பி நீலம், எஸ் கறுப்பு. கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் கணவன் வீடு, வலப்பக்கம் மனைவி வீடு. ஒரு கண்ணாடி ஜன்னலில் இருந்த இத்தகைய கேடயம், பதிவேடே இல்லாத காலத்துத் திருமணம் ஒன்றைச் சொல்லக்கூடும். பிஷப் என்றால் மட்டும் இடப்பக்கம் மறைமாவட்டத்தின் சின்னம், வலப்பக்கம் அவருடைய குடும்பச் சின்னம். சிவப்புப் பின்னணியில் மூன்று பொன் கிரீடங்களைக் கண்டால் அது ஈலி. கேம்பிரிட்ஜ்ஷயரில் அடிக்கடி எதிர்ப்படும்.

கண்டது, படியெடுத்தது, கேட்டது

சரி, இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

கோல் ஒரு தேவாலயத்துக்கு நேரில் போய் எழுதியதுதான் அவருடைய ஏடுகளில் பொன். போன நாளைக் குறித்திருப்பார். வடக்குச் சுவரில் இது, தரையில் இது, கிழக்கு ஜன்னலில் இது என்று இடஞ்சொல்லிப் போவார். இன்று நீங்கள் அதே தேவாலயத்துக்குப் போனால் பாதி இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று தரைக்கற்களைப் பெயர்த்தார்கள், பழைய இருக்கைகளை எடுத்தார்கள், கண்ணாடியை மாற்றினார்கள். அந்த ஆர்வத்தை ஊட்டியவர்களில் முன்னணியில் நின்ற கேம்டன் சங்கம் 1839இல் கேம்பிரிட்ஜிலேயே தொடங்கியது. அந்த ஊரின் வட்டத் தேவாலயத்தை 1841 முதல் புதுப்பித்தபோது, கோல் காலத்தில் மேலே நின்ற 15ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டை அகற்றிவிட்டார்கள். கல் உடைந்து, எடுத்த படி மட்டும் மிஞ்சிய கல்வெட்டைப் போலத்தான் கோலின் பல பக்கங்கள் இன்று நிற்கின்றன.

ஆனால் கோல் கண்டதும் முழுமை அல்ல. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1643–44இல், உள்நாட்டுப் போரில் அரசரை எதிர்த்த பாராளுமன்றத் தரப்பின் ஆணையோடு வில்லியம் டவ்சிங் கேம்பிரிட்ஜ்ஷயர்த் தேவாலயங்களுக்குப் போய்ப் படங்களையும் கண்ணாடியையும் உடைத்திருந்தார். கோல் குறிப்பிடாத காரணத்தால் ஒன்று அங்கே எப்போதுமே இருந்ததில்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

அடுத்தது படியெடுத்தவை. மற்றவர்கள் சேர்த்ததை கோல் கை சலிக்காமல் எழுதிக்கொண்டார். அவர் பெரிதும் மதித்த தாமஸ் பேக்கர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர். மனசாட்சி இடங்கொடுக்காமல் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, 1717இல் பதவியை இழந்து, 1740இல் இறக்கும்வரை கல்லூரியிலேயே வாழ்ந்தவர். அவர் எழுதிய ஏடுகள் 40க்கு மேல். அவற்றில் 23 பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி தொகுப்பிலும் மற்றவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கின்றன. கோல் ஏட்டில் பேக்கரின் பெயர் கண்டால் அங்கே போய் ஒப்பிடுங்கள். பேக்கரும் வேறொன்றிலிருந்து எடுத்திருந்தால் அந்த மூலம் வரை போங்கள். ஒவ்வொரு படியிலும் ஓர் எண் மாறலாம், ஒரு பெயர் திரியலாம்.

மூன்றாவது, கேட்டது. இங்கேதான் நாட்குறிப்பிலும் கடிதத்திலும் அவரைப் பழகியது உதவும். கோல் பழமையில் ஊறிய ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கத்தின் மேல் பரிவு கொண்டவர். ஆங்கிலிகன் சபையை விட்டுப் பிரிந்த சபையினரை அறவே பிடிக்காது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது கோபம் வரியில் தெறிக்கும். ஒருவர் குடித்தார், கடன் வாங்கினார் என்பதை எல்லாம் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோல் அப்படிக் கேள்விப்பட்டார் என்று மட்டும் எழுதுங்கள். அதே சமயம் தூக்கி எறிந்தும் விடாதீர்கள். அந்தக் காலத்து மதப் பகைமை ஒரு கிராமத்தில் எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

சரிபார்க்கும் இடங்கள்

ஒரு பெயரும் தேதியும் கையில் கிடைத்ததும் பதிவேட்டைத் தேடுங்கள். பங்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் வந்தது. ஆனால் தொடக்ககால ஏடுகள் பல ஊர்களில் இல்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இடைவெளிகளும் உண்டு. கேம்பிரிட்ஜ்ஷயர் ஆவணக் காப்பகம் இப்போது ஈலி நகரில் இருக்கிறது. ஈலி மறைமாவட்டத்தின் ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில். 1858க்கு முந்தைய உயில்களில் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவானவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்; அவற்றை ஆன்லைனிலும் தேடலாம். தேவாலயத்துக்கும் நேரில் போங்கள். கல்லறைக் கல்லில் பதித்திருந்ததாக கோல் சொன்ன பித்தளைத் தகடு போயிருந்தாலும், அது பதிந்திருந்த பள்ளம் கல்லில் இருக்கக்கூடும். அதன் வடிவம் கோலின் வர்ணனையோடு ஒத்துப்போனால், இடத்தை உறுதிசெய்துவிட்டீர்கள்.

உங்கள் ஊர் வேறு கவுண்டியில் என்றால்

இதே முறையை மற்ற குருவானவர்களின் தாள்களிலும் கையாளலாம். நார்ஃபோக் என்றால் வேலை எளிது: புளோம்ஃபீல்ட் தொடங்கி, 1752இல் அம்மை நோயால் இறந்தபின் மற்றொரு குருவானவரான சார்லஸ் பார்கின் தொடர்ந்த வரலாறு பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைனில் இருக்கிறது. சாமர்செட்டுக்கு, கேமர்ட்டனின் ரெக்டர் ஜான் ஸ்கின்னர் எழுதிக் குவித்த நாட்குறிப்பு ஏடுகளும் பிரிட்டிஷ் நூலகத்துக்கே வந்தன.

டார்செட்டின் ஹட்சின்ஸ் கதையை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 1762இல் வேரம் நகரம் தீப்பிடித்து எரிந்தபோது, அவருடைய பல்லாண்டு உழைப்பான தாள்களை வீட்டிலிருந்து காப்பாற்றியவர் அவர் மனைவி. ஹட்சின்ஸ் 1773இல் இறந்தார். வரலாறு 1774இல் வந்தது. அவருடைய மகள் பம்பாய்க்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜான் பெல்லாசிஸை மணந்தார். இரண்டாம் பதிப்புக்குத் துணை நின்றவர் அந்த மருமகன்தான். அந்தப் பதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1808இல், லண்டன் அச்சகத்தில் பிடித்த தீயில் அச்சிட்ட பிரதிகள் அழிந்தன. ஆகவே டார்செட் ஊர்களைத் தேடுபவர்கள் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு செய்திகள் கூடியிருக்கின்றன.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனிச் சீட்டு அல்லது கணினியில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தின் பெயர், ஏட்டு எண், தாள் எண், முன்புறமா பின்புறமா, கோல் அதை எழுதிய நாள் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். அடுத்து, அவர் எழுதியதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுங்கள். உங்கள் விளக்கத்தை அதிலிருந்து பிரித்து வேறு கட்டத்தில் போடுங்கள். படிக்க முடியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போட்டு இடம் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். கடைசிக் கட்டத்தில் கண்டது, படியெடுத்தது, கேட்டது என்ற மூன்றில் ஒன்று. எதுவென்று தீர்மானிக்க முடியாவிட்டால் ‘கேட்டது’ என்றே போட்டு வையுங்கள். சான்று கிடைத்த பிறகு மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

ஊர் முழுக்க முடிந்ததும் ஒரு பிரதியை ஈலி காப்பகத்துக்கும் இன்னொன்றை அந்தத் தேவாலயத்துக்கும் கொடுங்கள். கோல் எழுதிவைத்ததைப் பற்றி அந்தத் தேவாலயத்தில் இன்று யாருக்கும் தெரியாமல் இருப்பது சகஜம்.